மலை மாறுவதைச் சமவெளிக்குச் சொல்வது

கோயம்புத்தூர் மாவட்டத்தின் மேற்கு எல்லை ஏறக்குறைய முழுவதும் காடு. சிறுமுகை, மேட்டுப்பாளையம் தொடங்கி காரமடை, பெரியநாயக்கன்பாளையம், போளுவாம்பட்டி, மதுக்கரை என்று ஒரு தொடர் இறங்கி வருகிறது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டியதும் ஆனைமலையும் வால்பாறையும் எழுகின்றன. வடகிழக்கே சத்தியமங்கலம் காடுகள், தென்கிழக்கே அமராவதியின் மலைச்சரிவுகள். நொய்யல், பவானி, ஆழியாறு, அமராவதி ஆகிய ஆறுகள் எல்லாம் இந்த மலைகளின் நீரில் ஓடுபவை. மழைமறைவில் கிடக்கும் கொங்குச் சமவெளிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான் கிடைக்கிறது. அதே மாவட்டத்தின் சின்னக்கல்லாறோ தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. சமவெளியின் வேளாண்மையும் குடிநீரும் மலை அனுப்பும் நீரில் நிற்கின்றன. அப்படியிருந்தும், மலையில் நிகழும் மாற்றம் சமவெளிக்குச் செய்தியாக வந்து சேருவது அரிது. பெரும்பாலும் சேதமாகத்தான் வந்து சேருகிறது.

காலநிலை மாற்றம் காடுகளை என்ன செய்கிறது என்பதை மக்களிடம் சொல்வது தனித் திறன் வேண்டும் வேலை. இதில் முதல் இடர்ப்பாடு மக்களின் மறுப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். இந்தியாவில் நிலைமை அப்படி இல்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் இந்தியாவின் சிவோட்டர் நிறுவனமும் 2021 அக்டோபர் முதல் 2022 ஜனவரி வரை நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தின. புவி வெப்பமாதல் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் 54 சதவீதம். அது என்னவென்று சில வரிகளில் விளக்கிவிட்டுக் கேட்டபோது, அது நடந்துகொண்டிருப்பதாக 84 சதவீதம் பேர் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததை எதனுடன் இணைப்பது என்று தெரியாமல் இருப்பவர்களே இங்கே அதிகம். ஆகவே வாதிட்டு வெல்லும் மொழி இங்கே தேவையில்லை. மழை, ஆறு, புல், தீ, யானை என்று அவர்கள் அறிந்தவற்றுக்கு இடையே உள்ள தொடர்பை எடுத்துக்காட்டும் மொழியே தேவை.

இரண்டாவது இடர்ப்பாடு இன்னும் கடினமானது. காடு மாறுவதற்குக் காலநிலை ஒன்று மட்டும் காரணமாக இருப்பது மிக அரிது. தோட்டங்கள், சாலைகள், அயல்தாவரங்கள், மேய்ச்சல், தீ, அணைகள் என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்த பல வேலைகளின் மேல் வெப்பம் வந்து ஏறுகிறது. இவற்றில் காலநிலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத செய்தி, கேட்பவரிடம் முதலில் எடுபட்டாலும் பிறகு நம்பிக்கையை இழக்கும். எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் கட்டுவதால் வேறொரு தீங்கும் உண்டு: உள்ளூரில் திருத்தக்கூடிய தவறுகள் கண்ணுக்குப் படாமல் போகின்றன.

பங்கைப் பிரிப்பது எப்படி

நீலகிரியின் கிளென்மார்கனில் உதகை மண், நீர்வள ஆராய்ச்சி நிலையம் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல தொடக்கம். அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை இயற்கையான நிலையில் விட்டு, மற்றொன்றில் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸை நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பகுதியிலிருந்து ஓடிவந்த நீர் ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டி மறுதாம்பு விட்ட இரண்டாம் சுழற்சியில் அந்தக் குறைவு 25 சதவீதத்தை எட்டியது. இரண்டு பகுதிகளிலும் பெய்த மழை ஒன்றுதான். ஆகவே இந்த இழப்பில் காலநிலைக்குப் பங்கில்லை; மனிதர் தேர்ந்தெடுத்த மரமே காரணம். மலையோடைகள் வற்றுவதைப் பற்றிப் பேசும் எவரும் இந்த ஆய்வைச் சொல்லாமல் காலநிலைக்குத் தாவினால், அது அரைச் செய்தி.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளின் கதையும் இதையொட்டியது. 1973க்கும் 2017க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், சோலைப் புல்வெளிகளில் ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர், அதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பரப்பு, சீகை, பைன், யூகலிப்டஸ் போன்ற அயல்மரங்களுக்குப் பறிபோனதைக் கண்டார்கள். வெப்பம் உயர்வதற்கு முன்பே மனிதர் தொடங்கிவைத்த அழிவு இது.

வெப்பம் சேருமிடம் இனிமேல்தான். உச்சிமலையில் சோலையும் புல்வெளியும் அருகருகே, கோடு கிழித்தாற்போல் நிற்கின்றன. மடிப்புகளில் சோலை, திறந்த சரிவுகளில் புல். மழை நிறையப் பெய்யும் இடத்தில் மரங்கள் ஏன் புல்வெளியை மூடிவிடவில்லை? உறைபனி முக்கியமான ஒரு காரணம். மார்கழி, தை மாதங்களின் தெளிந்த இரவுகளில் திறந்த புல்வெளியின் தரைமட்ட வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகிறது. சோலை மரங்களின் நாற்றுகள் அங்கே பிழைப்பதில்லை. மரக்கூரைக்கு அடியில் அந்தக் குளிர் எட்டுவதில்லை. அங்கே அவை வளர்கின்றன. 2020இல் வெளிவந்த ஒரு கள ஆய்வு இதை நாற்றுகளை நட்டுச் சோதித்து உறுதிசெய்தது. அதே ஆய்வில் சீகை நாற்றுகள் சோலை நாற்றுகளைவிடப் பனியைத் தாங்கி நின்றன. வெப்பம் கூடினால் அவற்றுக்கு இன்னும் வசதி. உறைபனி குறையக் குறைய, மனிதர் கொண்டுவந்த மரம் மனிதர் நடாத இடத்திலும் பரவும். மனிதச் செயலும் வெப்பமும் எப்படிக் கைகோக்கின்றன என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் கிடைப்பது கடினம். பள்ளிப் பாடத்திலும் கோடைச் சுற்றுலாப் பயணியின் காதிலும் இது இன்னும் ஏறவில்லை என்பது வருந்தத்தக்கது. புல்வெளியைப் பார்ப்பவர்களில் பலர் அதை ‘மரமில்லாத வெற்றிடம்’ என்றே கருதி, அங்கே மரம் நட வேண்டும் என்கிறார்கள்.

மரம் நடுவது நல்லது என்ற செய்தி எவ்வளவு எளிதாகப் பரவியதோ, அவ்வளவு எளிதாக அதைத் திருத்த முடிவதில்லை. ஆனைமலை உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் செய்யப்பட்டு 2020இல் வெளியான மற்றொரு ஆய்வு, பல்வகை மரங்கள் கொண்ட இயற்கைக் காட்டையும் தேக்கு, யூகலிப்டஸ் போன்ற ஓரிரு வகைத் தோட்டங்களையும் ஒப்பிட்டது. மழைக்காலத்தில் கரியமில வாயுவை ஈர்ப்பதில் தோட்டங்கள் பின்தங்கவில்லை. வறட்சி வந்தபோது தோட்டங்கள் தளர்ந்தன. இயற்கைக் காடு தளர்ச்சி குறைவாக நின்று பிடித்தது. எந்த மரம், எந்த இடத்தில், எவற்றுடன் சேர்ந்து என்ற கேள்விகள் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லும் மரம் நடு விழாக்கள் காட்டைப் பற்றிய தவறான பாடத்தையே சொல்லித் தருகின்றன.

மலைக்கு மேல் மலை இல்லை

உயரம் போகப் போக வெப்பம் குறைகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ். ஆகவே வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால், பழைய வெப்பநிலையைத் தேடும் உயிரினம் சுமார் 150 மீட்டர் மேலே போக வேண்டும். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி உயர்ந்திருப்பதாக மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. எண்ணாகப் பார்த்தால் சிறியது. கோவையில் பகலுக்கும் இரவுக்கும் இடையே பத்து டிகிரி வேறுபாட்டை அன்றாடம் உணரும் ஒருவருக்கு முக்கால் டிகிரி அச்சமூட்டாது. அதை நூறு மீட்டர் உயரமாக மாற்றிச் சொன்னால் பொருள் விளங்கும்: அடிவாரத்து மரத்துக்கு மேலே ஏற இன்னும் இடம் உண்டு, உச்சியில் வாழும் வரையாட்டுக்கு இல்லை.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாடு, இந்தச் செய்தியைச் சொல்வதில் உள்ள சிக்கலையும் காட்டுகிறது. வால்பாறைக்கு மேலே அக்காமலைப் புல்வெளி அதன் முக்கிய இருப்பிடங்களுள் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் அதன் வாழிடத்தைக் கணினி மாதிரிகளால் கணித்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, வெப்பமாதல் தொடர்ந்தால் தகுந்த வாழிடத்தில் அதிக அளவாக 60 சதவீதம் வரை இழக்க நேரலாம் என்றது. தமிழ்நாடு அரசு 2023இல் நீலகிரி வரையாடு திட்டத்தைத் தொடங்கியது. கேரளத்துடன் ஒருங்கிணைந்து நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 2024இல் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303 வரையாடுகளும் பதிவாயின. ஒரு செய்தி இழப்பைச் சொல்கிறது, மற்றொன்று பெருக்கத்தை. இரண்டையும் படிக்கும் வாசகர் எதை நம்புவார்?

இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்பதை விளக்கும் பொறுப்பு சொல்பவருடையது. கணக்கெடுப்பு இன்றைய எண்ணிக்கை. தேடும் இடங்களும் ஆட்களின் பயிற்சியும் கூடினால் எண்ணிக்கையும் கூடும். வாழிடக் கணிப்பு இனி வரும் பத்தாண்டுகளைப் பற்றியது. அதுவும் இன்ன அளவு வெப்பம் கூடினால் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. வரையாடு பெருகியதை மகிழ்ச்சியுடன் சொல்லி, அது நிற்கும் புல்வெளியின் எதிர்காலத்தை அதே பத்தியில் சொல்வதே முறை. நல்ல செய்தியை மறைத்து அச்சத்தை மட்டும் பரப்புவோரும், நல்ல செய்தியைக் காட்டி ஆய்வை ஒதுக்குவோரும் மக்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

மழை, தீ, குடிநீர்

சமவெளிக்காரருக்கு மலை நெருங்கி வருவது சிறுவாணி வழியாக. கேரளத்தின் பாலக்காடு மாவட்டக் காட்டுக்குள் இருக்கும் அணையிலிருந்து சுரங்கப் பாதை வழியாக வரும் நீர், கோவையின் ஒரு பெரும் பகுதிக்குக் குடிநீர். மழைக்காலத்தில் அணையின் நீர்மட்டம் உள்ளூர் நாளிதழ்களில் அடி கணக்கில் வந்துகொண்டே இருக்கும். 50 அடி அணையில் இன்று எத்தனை அடி என்று கோவைவாசிகள் கேட்டுக்கொள்வது வழக்கம். 2016இல் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையோ 62 சதவீதம் குறைந்து போனது. 2017 கோடையில் அணையின் நீர் அடித்தட்டுக்கு இறங்கி, நகரம் தவித்தது. அணையின் நீர்மட்டத்தைச் சொல்லும் அந்த ஒரு வரிச் செய்தியுடன், முந்தைய முப்பது ஆண்டுகளில் இதே நாளில் சராசரியாக எவ்வளவு இருந்தது என்ற மற்றொரு எண்ணும் சேர்ந்தால், தனியாக ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் தேவைப்படாது. முப்பது ஆண்டு என்பது ஏதோ ஓர் எண் அல்ல. உலக வானிலை அமைப்பு காலநிலையை வரையறுக்கப் பயன்படுத்தும் கால அளவு அது. ஓர் ஆண்டின் வறட்சி வானிலை. முப்பது ஆண்டுகளின் போக்கு காலநிலை.

மறுமுனையில் பெருமழை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. கோவையின் ஓராண்டு மழையைவிட அதிகம். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்தது. உலக வானிலைக் காரணகாரிய ஆய்வுக் குழு அடுத்த சில வாரங்களில் வெளியிட்ட ஆய்வில், அன்றைய மழையின் தீவிரம் காலநிலை மாற்றத்தால் ஏறத்தாழ 10 சதவீதம் கூடியிருந்ததாகக் கணித்தது. இந்தப் பத்து சதவீதத்தைச் சிலர் சிறியது என்று தள்ளுவார்கள். ஏற்கெனவே நீர் ஊறிய செங்குத்துச் சரிவில், வேர்ப்பிடிப்பு இழந்த மண்ணில், கடைசியாக விழும் அந்தப் பங்கு என்ன செய்யும் என்று விளக்குவதே சொல்பவரின் வேலை. நிலப் பயன்பாடும் கல்குவாரிகளும் சரிவுகளைப் பலவீனப்படுத்துவதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

தீயைப் பற்றிப் பேசும்போது இந்தப் பிரிப்பு இன்னும் முக்கியம். இந்தியக் காடுகளில் தீயை மூட்டுவது பெரும்பாலும் மனிதக் கைதான்: பீடி, சுள்ளி எரிப்பு போன்றவை. மூண்ட தீ எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பதில் காய்ந்த சருகும், மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியும், கோடை மழை வராத மாதங்களும் சேருகின்றன. 2023 ஏப்ரலில் கோவையின் மதுக்கரை வனச்சரகத்தில் நாதேகவுண்டன்புதூர் பக்கம் பிடித்த தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் வாளியில் நீர் அள்ளி ஊற்ற வேண்டியிருந்தது. காலநிலை மாற்றம் தீ வைத்தது என்று எழுதினால் அது பிழை. தீ பரவும் நாட்களைக் கூட்டுகிறது என்றால் சரி. இந்த வேறுபாட்டைக் காத்தால்தான், ஜனவரி, பிப்ரவரியில் தீத்தடுப்புக் கோடு போடும் வேட்டைத் தடுப்புக் காவலரின் உழைப்பும், மலையேறுபவர் தீப்பெட்டியைக் கீழேயே விட்டுச் செல்வதும் பொருள் பெறுகின்றன.

எண்களும் நம்பிக்கையும்

அறிவியல் அறிக்கைகள் உறுதியின் அளவைச் சொற்களால் குறிக்கின்றன. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு ‘பெரிதும் வாய்ப்புள்ளது’ என்று எழுதினால், அதற்குக் குறைந்தது 90 சதவீத நிகழ்தகவு என்று பொருள். ஆய்வாளர் டேவிட் புடெஸ்கு குழுவினர் 2009இல் செய்த சோதனை, இத்தகைய சொற்களைப் படிக்கும் பொதுமக்கள் அறிஞர்கள் எண்ணியதைவிடக் குறைந்த உறுதியாகவே எடுத்துக்கொள்வதைக் காட்டியது. சொல்லுடன் எண்ணையும் சேர்த்தால் தவறு குறைந்தது. கொங்கு உழவரிடம் சதவீதத்தைவிடப் பட்டக் கணக்கு எளிதில் சேரும்: பத்து ஆடிப் பட்டங்களில் முன்பு எத்தனை தவறின, இப்போது எத்தனை தவறுகின்றன என்று கேட்டால், அவரே தன் நினைவிலிருந்து பதில் சொல்லத் தொடங்குவார். அங்கே உரையாடல் தொடங்குகிறது.

ஆனால் நினைவை மட்டும் நம்பவும் முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் தன் சிறுவயதில் கண்ட காட்டையே முழுமையான காடு என்று எடுத்துக்கொள்கிறது. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் கடல்களைப் பற்றிச் சுட்டிய இந்த நழுவல் காட்டுக்கும் பொருந்தும். அதனால்தான் எழுதிவைத்த பதிவுகள் வேண்டும். 2010இல் தொடங்கிய சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளி மாணவர்கள் ஒரே மரத்தை வாரந்தோறும் பார்த்து இலை, பூ, காயின் நிலையைக் குறிக்கிறார்கள். சித்திரைக் கனிக்குத் தேவைப்படும் சரக்கொன்றை எந்த வாரம் பூக்கிறது என்பதை ஒரு கோவைப் பள்ளி இருபது ஆண்டு விடாமல் குறித்தால், அது ஆய்வாளருக்கும் பயன்படும். 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் அவ்வாறே. பதிவு செய்தவர்களுக்குத் தனியாக விளக்கம் தேவைப்படுவதில்லை.

யார் சொல்வது என்பதும் கேள்வி. காட்டோரத்து உழவருக்கு வனத்துறையும் காட்டுப்பன்றியும் ஒரே பக்கம் நிற்பவை. ஒரே இரவில் வாழைத் தோட்டம் நாசமான வாரத்தில் காலநிலை விரிவுரை கேட்க அவருக்குக் காரணம் இல்லை. இழப்பீட்டு மனுவை வாங்கிக்கொண்டு, அவர் சொல்வதை முதலில் கேட்பவரே பிறகு பேச முடியும். மாநிலக் காலநிலை மாற்ற இயக்கத்தின்கீழ் மாவட்ட வன அலுவலரே காலநிலை அலுவலராகவும் இருக்கிறார். இந்த ஏற்பாட்டில் வாய்ப்பும் உண்டு, இந்த உரசலும் உண்டு. மலைகளிலேயே வாழும் காடர், முதுவர், மலசர், இருளர் போன்றோரைக் கேட்போராக மட்டும் நடத்துவது பெரும் இழப்பு. தேன் எடுக்கும் காலமும் ஓடை வற்றும் மாதமும் நெல்லி காய்க்கும் நேரமும் அவர்களின் தொழிலறிவு. கோத்தகிரியிலிருந்து இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை சமூக வானொலி வழியாக மலை மக்களின் குரலை மலை மக்களுக்கே ஒலிபரப்புவது நல்ல முன்மாதிரி.

வால்பாறையில் யானைகளுக்காக எழுந்த செய்தி முறை இன்னும் கூர்மையான பாடம் தருகிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே காட்டுத் துண்டுகளில் பகலைக் கழிக்கும் யானைகளை மாலையில் எதிர்பாராமல் எதிர்கொண்டு மக்கள் இறந்துகொண்டிருந்தார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் யானைக் கூட்டம் நிற்கும் இடத்தை உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும், 2011 முதல் குறுஞ்செய்தியாகவும் அனுப்பினார்கள். முக்கியச் சந்திப்புகளில் சிவப்பு விளக்குகள் வைக்கப்பட்டன. அவற்றைக் கைபேசி வழியாக ஏற்றி அணைக்கும் பொறுப்பை உள்ளூர்வாசிகளே ஏற்றார்கள். விளக்கு எரிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் யானை. உயிரிழப்புகள் குறைந்தன, திட்டத்தை நடத்திய ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. இந்தச் செய்தி சரியான நேரத்தில் வந்தது, எந்த இடம் என்று சொன்னது, கேட்பவர் உடனே செய்யக்கூடியதைத் தந்தது, பக்கத்து வீட்டுக்காரரின் கையிலிருந்து வந்தது. காலநிலைச் செய்திகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நான்கில் ஒன்றும் இருப்பதில்லை. தீ அபாய நாள், பெருமழை எச்சரிக்கை, ஓடையின் நீரளவு ஆகியவற்றுக்கு இதே வழியைப் பயன்படுத்தத் தடை எதுவும் இல்லை.

கொங்கு நாட்டில் காட்டைப் பற்றிப் பேசுவதற்கு ஆயத்தமான இடங்களும் உண்டு. வெள்ளியங்கிரியின் ஏழாவது மலைக்குப் பிப்ரவரி முதல் மே வரை பெருந்திரளான பக்தர்கள் ஏறுகிறார்கள். அடிவாரத்து மூங்கிலிலிருந்து உச்சியின் சோலையும் புல்லும் வரை, நொய்யலின் பிறப்பிடத்தின் ஊடே அவர்கள் நடக்கிறார்கள். பிளாஸ்டிக் சோதனையுடன் அங்கே காட்டுப் பேச்சு முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு மலையிலும் அந்த உயரத்தின் காடு எது, அது ஏன் அங்கே நிற்கிறது என்று நான்கு வரியில் சொல்லும் பலகை போதும். கோவை குற்றாலமும் பரளிக்காடும் 1902 முதல் இயங்கும் காஸ் வன அருங்காட்சியகமும் இப்படியே பயன்படக்கூடியவை. ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. நகருக்குள்ளேயே வன மரபியல், மர இனப்பெருக்க நிறுவனமும் வேளாண் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. எழுதித் தர ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

பலகையில் என்ன எழுதக்கூடாது என்பதற்கு அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் ஒரு பாடம் உள்ளது. அங்குள்ள பனியாற்றுத் தேசியப் பூங்கா, தன் பனியாறுகள் 2020க்குள் மறைந்துவிடும் என்று அறிவிப்புகள் வைத்திருந்தது. பனியாறுகள் சுருங்கிக்கொண்டே இருந்தாலும் 2020இல் மறையவில்லை. அறிவிப்புகளை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த மாற்றத்தையே காலநிலை அறிவியல் பொய்த்ததற்குச் சான்றாகச் சிலர் பரப்பினார்கள். குறித்த ஆண்டைச் சொல்வதைவிட, இதுவரை அளந்து கண்டதைச் சொல்வது உறுதியானது: இந்த ஓடையில் இந்த மாதத்தில் முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு. கணிப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் அதன் நிபந்தனையையும் சேர்த்து எழுத வேண்டும். பலகை எழுதப்பட்ட ஆண்டும், அளவெடுத்த நிறுவனத்தின் பெயரும், அடுத்து எப்போது திருத்தப்படும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதைப் படித்து இறங்கி வருபவர்களிடம் என்ன புரிந்தது என்று கேட்டு, புரியாத வரியை மாற்றும் பொறுப்பும் பலகை வைத்தவருடையதே.